பதினாலாம் நம்பர் வீட்டுச் சந்தா

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

இன்று பூங்காச் சந்தா கட்டினேன். ரசீதில் "வீட்டு எண் 14, திருமதி அ. ஜெயா" என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

பதினோரு வருஷம் இதே சந்தாவிலிருந்துதான் எனக்குக் கூலி வந்தது. இருபத்திரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் பூங்காவில் புல் வெட்டினேன், இலை கூட்டினேன், பெஞ்சுகளுக்குப் பெயிண்ட் அடித்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், சந்தா ஒழுங்காக வருவதில்லை, ஆள் வைக்க முடியாது என்று என்னை நிறுத்திவிட்டார்கள். இப்போது இந்த லேஅவுட்டிலேயே சின்ன வீடு எங்களுடையது. மகள் நதியா கோயம்புத்தூரில் பேங்க் வேலை பார்த்து லோன் கட்டுகிறாள். அவள் அப்பா ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி வண்டி ஓட்டி மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறார். பத்திரம் என் பேரில்.

டைரி எழுதும் பழக்கமும் பூங்கா கொடுத்ததுதான். அன்றன்றைக்குச் செய்த வேலையை நோட்டில் எழுத வேண்டும் என்று பழைய செக்ரட்டரி சொல்லியிருந்தார். வேலை போனது, எழுதுவது நிற்கவில்லை.

இப்போதைய செக்ரட்டரி ஷர்மிளா மேடம், டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். ரசீதைக் கொடுத்துவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை மீட்டிங், கண்டிப்பா வாங்க" என்றார். முன்பெல்லாம் "வா" என்பார்.

9 பிப்ரவரி, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மீட்டிங் ஷர்மிளா மேடம் வீட்டு ஹாலில். பத்துப் பேர் வந்திருந்தார்கள். நான் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ராஜமுருகன் சார் உள்ளே வந்தார். அவருக்கு இங்கே மூன்று வீடு, மூன்றையும் மலைக்கு வரும் டூரிஸ்ட்டுகளுக்கு காட்டேஜாக விடுகிறார். என்னைப் பார்த்ததும், "ஜெயா, எல்லாருக்கும் டீ எடுத்துட்டு வா" என்றார்.

எழுந்து போய்விட்டேன்! பாலைக் காய்ச்சித் தூளைப் போட்ட பிறகுதான் உறைத்தது. நான் எதற்கு இங்கே நிற்கிறேன்? அவர் மறந்து சொல்லியிருப்பார், அது போகட்டும். என் கால் ஏன் எழுந்தது?

டீயோடு திரும்பி வருவதற்குள் பாதிப் பேச்சு முடிந்திருந்தது. பூங்காவை மட்டம் தட்டி, கல் பதித்து, சீசனில் கார் நிறுத்த விடுவதாம். வருமானத்தை எல்லா வீட்டுக்கும் பங்கு வைப்பதாம். "சந்தாவும் கட்ட வேண்டாம், கைக்குக் காசும் வரும். இப்ப அங்க என்ன கெடக்கு? புதருதானே?" என்றார் ராஜமுருகன் சார். நிறையத் தலைகள் ஆடின.

ஷர்மிளா மேடம் சங்க விதியைப் படித்தார். பூங்காவை வேறு எதற்கு மாற்றுவதானாலும், சந்தா பாக்கி இல்லாத வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும். பாக்கி உள்ள வீட்டுக்கு ஓட்டு இல்லை. இருபத்திரண்டில் பாக்கி இல்லாதவை, எங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு. ஆக, எட்டு ஓட்டு போதும். அந்த எட்டும் ராஜமுருகன் சாரிடம் இருக்கிறது. ஏப்ரல் 27-ஆம் தேதி ஓட்டெடுப்பு.

டம்ளர்களை எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தேன். ஆமாம், கழுவியும் வைத்தேன்.

11 பிப்ரவரி

வெள்ளனே எழுந்து பூங்காவுக்குப் போனேன். உண்ணிச்செடி இடுப்பு உயரம். பெஞ்சு இரண்டு உடைந்து கிடக்கிறது. ஆனால் காட்டுப்பூவரசு மட்டும் சிவப்பாகப் பூத்து நிற்கிறது, யாரும் பார்க்காமலே.

எனக்கு எதற்கு இந்த வம்பு என்று என்னையே கேட்டேன். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன், நாங்கள் குடியிருந்த லயம் கம்பெனிக்குச் சொந்தம். ஒன்பது வயதில் கப்பலேறி வந்தோம், மண்டபம் முகாம் சர்க்காருக்குச் சொந்தம். இங்கே வந்தும் யாரோ கட்டிய ஷெட்டில்தான் இருந்தோம். இப்போதுதான் முதல் முறையாக, வீட்டோடு சேர்த்து, இந்த மண்ணில் இருபத்திரண்டில் ஒரு பங்கு என் பேரில் இருக்கிறது. அதன்மேல் கல் பதிக்க விடுவேனா?

இலை கூட்டிக்கொண்டே போனபோதுதான் அது தோன்றியது. கட்டாத பத்து வீட்டில் ஒரே ஒரு வீடு பாக்கியைக் கட்டினால் மொத்தம் பதிமூன்று ஆகும். அப்போது ஒன்பது ஓட்டு வேண்டும். அவரிடம் எட்டுதான்.

நேராக ஷர்மிளா மேடம் வீட்டுக்குப் போனேன். கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இத்தனை நாள் செக்ரட்டரியா இருக்கேன், எனக்குத் தோணலையே ஜெயா. நீங்களே போய்க் கேளுங்க. நான் போனா வசூலுக்கு வந்துட்டாங்கன்னு கதவைச் சாத்துவாங்க."

23 பிப்ரவரி, ஞாயிறு

பதினேழாம் நம்பர் செல்வமுருகன் கட்டிவிட்டார்! நாயுடுபுரத்தில் பேக்கரி வைத்திருப்பவர். நாலு தடவை நடந்தேன். "அக்கா, உங்க தொல்லை தாங்கல" என்று சிரித்துக்கொண்டே பாக்கியைக் கொடுத்தார்.

26 பிப்ரவரி

ராஜமுருகன் சார் ஒன்றும் தூங்குகிற ஆளில்லை. பூட்டிக் கிடந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கு போன் போட்டு, பாக்கியைக் கட்ட வைத்து, தன் பக்கம் சேர்த்துவிட்டார். இப்போது மொத்தம் பதினைந்து. வேண்டியது பத்து. அவரிடம் சரியாகப் பத்து.

நான் காட்டிய வழியிலேயே வருகிறார்.

2 மார்ச்

பூங்காவுக்குள் இரண்டு காட்டு மாடுகள். லேஅவுட்டில் ஒருவர்கூட வெளியே வரவில்லை. சந்தா கட்டாமல் நிம்மதியாக மேய்ந்துவிட்டுப் போயின.

15 மார்ச், சனி

மதுரை போய் வந்தேன். இடுப்பு விட்டுப்போச்சு. ஆனால் மனசு குதிக்கிறது.

இருபதாம் நம்பர் திருமலைச்சாமி ஐயாவைப் பார்க்கத்தான் போனேன். ஆடிட் ஆபீசராக இருந்தவர், எண்பது வயதிருக்கும். ஆறு வருஷமாகச் சந்தா கட்டவில்லை. "அவர் ஒரு மாதிரி, போகாதீங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். என் பழைய வேலை நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ் ஏறினேன்.

கேட்டைத் திறக்கவே இல்லை. கம்பிக்கு உள்ளே நின்று, "சங்கத்துலேர்ந்தா? ஆறு லெட்டர் போட்டேன். கணக்கைக் காட்டுங்கன்னு. ஒருத்தன் பதில் போட்டானா? காட்டாம ஒரு பைசா தர மாட்டேன்" என்றார்.

"காசுக் கணக்கு எங்கிட்ட இல்லீங்கய்யா. வேலைக் கணக்கு இருக்கு. உங்க சந்தாவுக்கு நான் என்ன வேலை பாத்தேன்னு பாருங்க" என்று நோட்டைக் கம்பி வழியாக நீட்டினேன்.

வாங்கிப் புரட்டினார். நின்றபடியே ஐந்து நிமிஷம். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்து உரக்கப் படித்தார்: "'20-ஆம் வீட்டு ஐயா பெஞ்சு கால் ஆடுது என்றார். ஆப்பு வைத்து அடித்தேன். மறுபடி ஆடுது என்றார். மறுபடி அடித்தேன்.'"

எனக்கு உயிரே போய்விட்டது. அதையா போய்ப் பார்க்க வேண்டும்? ஆனால் அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அந்தச் சங்கத்துல நான் சொன்னதைக் காதுல வாங்கி எழுதி வச்ச ஒரே ஆள் நீங்கதாம்மா" என்று கேட்டைத் திறந்தார்.

சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். செக் எழுதிக் கொடுத்தார். எங்கள் லேஅவுட்டில் வீடு வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் அவருடைய ஆபீஸ் சினேகிதர்கள் இரண்டு பேருக்கு என் முன்னாலேயே போன் போட்டு, "யோவ், கட்டுய்யா" என்று சத்தம் போட்டார்.

18 மார்ச்

அந்த இரண்டு பேரும் கட்டிவிட்டார்கள். மொத்தம் பதினெட்டு. வேண்டியது பன்னிரண்டு. ராஜமுருகன் சாரிடம் பத்து. தெருவில் என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரி போனார்.

நதியாவுக்கு போனில் சொன்னேன். "அம்மா, நீ எலெக்ஷன்ல நிக்கலாம்" என்கிறாள்.

24 மார்ச், திங்கள்

இன்று நானும் அவரும் சண்டை போட்டோம். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இப்படிப் பேசிக்கொண்டதில்லை.

செல்வமுருகன் மாறிவிட்டார். கார்கள் வந்து நிற்கும் இடத்தில் பேக்கரிக்கு ஒரு கடை தருவதாகச் சொன்னார்களாம். ஆக, அவர்களிடம் பதினொன்று. இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும். அந்த ஒன்றை என்னிடமிருந்து வாங்க என் வீட்டுக்காரரைப் பிடித்திருக்கிறார்கள். பார்க்கிங் டோக்கன் காண்ட்ராக்ட் வருஷம் முழுக்க அருள்தாஸுக்கே என்று ராஜமுருகன் சார் சொல்லியிருக்கிறார். இவர் அதைச் சொல்லும்போது முகத்தில் என்ன ஒரு வெளிச்சம்! அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாரத்தில் ஆறு நாள் அந்த மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஓட்டுகிற மனுஷன்.

"பூங்காவுல பூ பூத்தா நம்ம வண்டிக்கு டீசல் வந்துருமா? நதியா இன்னும் பதினாலு வருஷம் லோன் கட்டணும். அதை நெனச்சியா நீ?"

"நெனக்காம இருப்பனா? ஆனா என் பங்கை விக்க எனக்கு ஏலாது."

"உன் பங்கு! பத்திரம் உன் பேர்ல கெடக்குன்ற தைரியம்!"

சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் செய்வது சரியா? இருபத்திரண்டில் ஒரு பங்கு மண்ணுக்காக மகள் பாரத்தைக் கூட்டுகிறேனா? தெரியவில்லை. தெரியவில்லை.

29 மார்ச்

பேச்சில்லை. சோறு மட்டும் நடக்கிறது.

2 ஏப்ரல்

கீழ் வரிசை வீடுகளின் பொதுக் கிணற்றில் சேறுதான் இருக்கிறது. அந்த ஏழு வீட்டுக்கும் லாரித் தண்ணீர். சீசன் தொடங்கவில்லை, அதற்குள் லாரிக்காரர் மூன்று நாள் கழித்து வருகிறேன் என்கிறார்.

இந்தக் கிணறு என் காலத்தில் வற்றியதில்லையே? பூங்காவின் மேல் மூலையில் ஒரு கல் தொட்டி உண்டு. ஊற்றுத் தண்ணீர் அதில் நிறைந்து, குழாய் வழியாகக் கிணற்றுக்கு இறங்கும். மாதம் ஒரு தடவை தொட்டியில் இறங்கித் தூர் வாருவேன். என்னை நிறுத்திய பிறகு யார் வாரியிருப்பார்கள்? இப்போது இருக்கிறவர்களுக்கு அப்படி ஒரு தொட்டி இருப்பதே தெரியாது.

மத்தியானம் அரிவாளோடு போய்ப் புதரை வெட்டிப் பார்த்தேன். தொட்டி முழுக்க மண். தோண்டினேன். ஒரு முழத்துக்குக் கீழே மண் ஈரம். கையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

6 ஏப்ரல், ஞாயிறு

நேற்றும் இன்றும் தொட்டி வேலை. ஷர்மிளா மேடம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர் வீட்டுக்காரரின் கம்பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தார். கீழ் வரிசையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். கோடைக்கு வீட்டைத் திறக்க வந்த திருமலைச்சாமி ஐயா, நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எத்தனை கூடை மண் அள்ளினார்கள் என்று நோட்டில் எழுதினார். "எழுதலைன்னா பின்னாடி ஒருத்தனும் நம்ப மாட்டான்."

அடியில் பெரிய கல் ஒன்று சரிந்து குழாய் வாயை அடைத்திருந்தது. நான் கடப்பாரையை வைத்து நெம்புகிறேன், அசையவில்லை. மேலே வண்டிச் சத்தம். இவர். ஒட்டன்சத்திரத்திலிருந்து நேராக வந்திருக்கிறார். சட்டையைக் கழற்றிப் பூவரசில் மாட்டிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினார்.

"நவுரு. இந்தக் கல்லைத் தூக்க உனக்கு ஏலாது."

பதிமூன்று நாளைக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு. நான் நகர்ந்தேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கினோம். கல் புரண்டதும் முதலில் சேறு, பிறகு கலங்கல், பிறகு — அந்தச் சத்தம்! குழாய்க்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம். ஷர்மிளா மேடம் ஸ்கூல் பிள்ளை மாதிரி கை தட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில், "காண்ட்ராக்ட் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

14 ஏப்ரல், திங்கள், வருஷப் பிறப்பு

கீழ் வரிசைக் கிணற்றில் பதினோரு படி மூழ்கியிருக்கிறது. காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். செல்வமுருகனும் வந்து பார்த்தார். அவர் வீடும் கீழ் வரிசைதான். சாயங்காலம் அவர் மனைவி ஒரு பெட்டி கேக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

26 ஏப்ரல்

நாளைக்கு. என்ன பேசுவது என்று எழுதி எழுதிக் கிழித்தேன். ஐந்து தாள் போனது.

27 ஏப்ரல், ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். ஜெயித்துவிட்டோம். ஜெயித்துவிட்டோம்.

நிதானமாக எழுத வேண்டும்.

பூங்காவிலேயே கூட்டம். பதினெட்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. ராஜமுருகன் சார் முதலில் பேசினார். பெரிய படம் ஒன்று கொண்டுவந்து விரித்தார், வரிசை வரிசையாகக் கார். பொய்யாக எதுவும் சொல்லவில்லை. காட்டேஜுக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது, ரோட்டில் கார் நிறுத்தினால் ஃபைன் போடுகிறார்கள், கஸ்டமர் திரும்பிப் போகிறார்கள் என்றார். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்தது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

"நான் இந்தப் பூங்காவுல கூலிக்கு வேலை பாத்தவ. எல்லாருக்கும் தெரியும். இந்த மண்ணு மழையைக் குடிச்சு ஊத்துக்குக் குடுக்குது, ஊத்து கெணத்துக்குக் குடுக்குது. கல்லைப் பதிச்சா மழை ரோட்டுல ஓடிப்போகும். கார்க்காசு சீசனுக்கு வரும். தண்ணி வருஷம் பூரா வேணும். ராஜமுருகன் சார் காட்டேஜ்லயும் கொழாயத் தொறந்தா தண்ணிதானே வரணும்? எனக்குச் சொல்லத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டேன். செல்வமுருகன் எழுந்தார். "போன வருஷம் இந்நேரம் பேக்கரிக்கு ரெண்டு நாளைக்கு ஒரு லாரி வாங்கினேன். அது பத்தாம, மாவு பெசைய வீட்டுக்கு வந்த லாரித் தண்ணியையும் கொடத்துல தூக்கிட்டுப் போயிருக்கேன். இந்தத் தடவை எங்க கெணத்துலேர்ந்து எடுத்துட்டுப் போறேன். கடை வேணாம்ங்க எனக்கு. தண்ணி போதும்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தார்.

சீட்டில் வீட்டு எண்ணோடு எழுதிப் போட்டோம். ஷர்மிளா மேடம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார், திருமலைச்சாமி ஐயா கோடு போட்டார். பார்க்கிங் வேண்டும்: ஐந்து. பூங்காவே இருக்கட்டும்: பதிமூன்று.

பதிமூன்று! எதிர்ப் பக்கம் இருந்த ஆறு வீடு மாறியிருக்கிறது, ஆறும் கீழ் வரிசை. ஐயா எழுந்து நின்று, "பதிமூணு, சரிபார்க்கப்பட்டது" என்று ஆபீஸ் குரலில் அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் பின் வரிசையில் நின்று விசில் அடித்தார். ஐம்பத்தெட்டு வயதில் விசில்! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்லாத்தான் இருந்துச்சு.

4 மே, ஞாயிறு

ஷர்மிளா மேடம் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டு, என்னைச் செக்ரட்டரியாக்கச் சொன்னார். "அய்யோ, எனக்கு ஏலாது" என்றுதான் முதலில் வாயில் வந்தது. பிறகு யோசித்து, ஒரு நிபந்தனை சொன்னேன். பூங்கா வேலைக்கு ஆள் வைக்க வேண்டும், அந்த ஆளுக்கு மழை நாளிலும் கூலி உண்டு. மழை பெய்வது வேலை செய்கிறவர் குற்றமா?

"அப்ப சந்தாவை ஏத்தணுமே?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏத்துவோம்" என்றேன். யாரும் மறுக்கவில்லை!

வடகவுஞ்சியிலிருந்து வீரம்மா என்றொரு பெண் வேலைக்கு வருகிறாள். கை சுத்தம், வாய் நீளம். எனக்குப் பிடித்திருக்கிறது.

ஷர்மிளா மேடம் என்று எழுதும் கடைசித் தடவை இது. அவரே சொல்லிவிட்டார்: "இனிமே பேர் சொல்லிக் கூப்பிடுங்க, இல்லேன்னா பேச மாட்டேன்."

15 ஜூன், ஞாயிறு

ராஜமுருகன் சார் வீட்டுக்கு வந்தார். மூன்று வீட்டுக்கும் கூடுதல் சந்தாவைக் கொடுத்தார். ரசீது எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"அந்தப் பூங்காவுல காலையில வாக்கிங் போக கெஸ்ட்டுகளை விடலாமாங்க? நெறைய பேர் கேக்குறாங்க."

"காலையில ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் விடலாம் சார். குப்பை போடக் கூடாது."

"சரிங்க செக்ரட்டரி" என்றார். கேலி மாதிரி தெரியவில்லை. காட்டேஜ் வாசலில் புது போர்டு வைத்திருக்கிறார் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார்: "பூங்காவைப் பார்த்த அறைகள்."

3 ஆகஸ்ட்

மழை. இருபத்திரண்டு வீடும் கட்டிவிட்டது. ஒன்றுகூட பாக்கி இல்லை.

21 செப்டம்பர், ஞாயிறு

நாயுடுபுரத்துப் பக்கம் ஒரு லேஅவுட்டிலிருந்து ஆறு பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் பொது இடம் ஒன்று இருக்கிறதாம், குப்பை மேடாகக் கிடக்கிறதாம். யாரோ எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். விதிப் புத்தகம் வேண்டும் என்றார்கள். ஒரு நகல் கொடுத்தேன். ஊற்றைக் காட்டினேன்.

"முதல்ல எங்க ஆரம்பிக்கிறதுங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"மீட்டிங்குக்கு எப்பவுமே வராத வீடு எதுன்னு பாருங்க. முதல்ல அங்க போங்க. திட்டுவாங்க, கேட்டுக்கங்க. அவங்க எதுக்குக் கோவமா இருக்காங்கன்னு தெரிஞ்சாப் பாதி வேலை முடிஞ்சது."

கிளம்பிப் போனவர்கள் கேட் பக்கம் நின்றுவிட்டார்கள். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று அங்கேயே வாக்குவாதம். "அந்த அம்மாகிட்ட நான் வர மாட்டேன்." "நீ வரலைன்னா எப்படி?" மூடுபனி இறங்கி ஆளே தெரியவில்லை, சத்தம் மட்டும் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

தேறிவிடுவார்கள்.